'செவன்': ஜான் டோ நிஜமாவே மேதையா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



இன்னைக்கு ஒரு வில்லனைப் பத்திப் பேசப்போறேன். 1995-ல வந்த 'செவன்' படத்தோட ஜான் டோ. டேவிட் ஃபிஞ்சர் இயக்கிய படம். பிராட் பிட், மார்கன் ஃப்ரீமன் ரெண்டு பேரும் போலீஸ். முதல்லயே சொல்லிடுறேன், கிளைமாக்ஸ் வரைக்கும் எல்லாத்தையும் உடைச்சுத்தான் பேசப்போறேன். படம் வந்து முப்பது வருஷம் ஆகுது, ஆனாலும் பார்க்காதவங்க இருப்பீங்க. இங்கேயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க. எபிசோட் எங்கேயும் போயிடாது. கொலை, கர்ப்பம்னு மனசுக்குக் கனமான விஷயங்களும் வரும். அதையும் தெரிஞ்சுக்கிட்டு உள்ள வாங்க.

நான் இந்தப் படத்தை முதல்ல பார்த்தது காலேஜ் செகண்ட் இயர்ல. ஹாஸ்டல் ரூம், ஒரே லேப்டாப், ஒரு கட்டில்ல அஞ்சு பேர். படம் முடிஞ்சப்போ ராத்திரி ரெண்டு மணி. யாரும் தூங்கப் போகல. விடியற வரைக்கும் பேசினது ஒரே ஆளைப் பத்தித்தான். "என்னா ப்ளானிங்டா!" "தோத்த மாதிரி வந்து ஜெயிச்சுட்டான்டா!" மறுநாள் என்னோட வாட்ஸப் டிபி ஜான் டோ. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அதை மாத்தவே இல்ல.

போன மாசம் தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தா. பேச்சுவாக்குல இந்தப் படம் வந்துச்சு. அவளுக்கு ரத்தம் பார்த்தா தூக்கம் வராது. "நான் பார்க்கப் போறதில்லண்ணா, கதையை மட்டும் சொல்லு"ன்னா. நானும் ஆர்வமா சொன்னேன். பெருந்தீனி, பேராசை, சோம்பல், காமம், கர்வம், பொறாமை, கோபம். ஏழு பாவத்தையும் படத்துல வர்ற அதே வரிசையில, யாரு எப்படிச் செத்தாங்கன்னு ஒண்ணு விடாம சொன்னேன். கடைசியில பாலைவனம், டெலிவரி வேன், அட்டைப்பெட்டி, அதுக்குள்ள அந்தப் போலீஸ்காரனோட பொண்டாட்டி தலை.

அவ கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டா: "அவ பேரு என்ன?"

"க்வினெத் பால்ட்ரோ."

"அது நடிகை பேருண்ணா. படத்துல அந்தப் பொண்ணு பேரு?"

எனக்குத் தெரியல. நாலஞ்சு தடவை பார்த்த படம். ஜான் டோ எத்தனை நோட்டுப் புத்தகம் எழுதி வச்சிருந்தான்னு சொல்வேன்: 2,000 நோட்டு, ஒவ்வொண்ணும் 250 பக்கம். ஆனா அந்தப் பொண்ணு பேரு வரல. அன்னைக்கு ராத்திரி தனியா உட்கார்ந்து படத்தைத் திரும்பப் போட்டேன். இந்த எபிசோட் அங்கிருந்து வந்ததுதான்.

முதல்ல நியாயமா ஒண்ணை ஒத்துக்கணும். ஜான் டோவை மேதைன்னு நினைச்சது எங்க அஞ்சு பேரோட முட்டாள்தனம் மட்டும் இல்ல. படம் அப்படி நினைக்க வைக்குது.

எப்படின்னு பாருங்க. படம் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அதுல முதல் ஒன்றரை மணி நேரம் அவன் முகத்தை நாம ஒழுங்காப் பார்க்கவே மாட்டோம். ஆரம்ப டைட்டில்ல அவன் கை மட்டும் வரும்: பிளேடால விரல் நுனித் தோலைச் சீவுறது, நோட்டுல பொடி எழுத்துல எழுதுறது, படங்களை வெட்டி ஒட்டுறது. கெவின் ஸ்பேசி நடிக்கிறார்ங்கிறதையே மறைச்சாங்க. ஆரம்ப டைட்டில்லயும் பேரு கிடையாது, விளம்பரத்துலயும் கிடையாது. 95-ல தியேட்டருக்குப் போனவங்களுக்கு அந்த முகம் ஒரு அதிர்ச்சியாத்தான் இருந்திருக்கும்.

அதைவிட முக்கியம், அவன் ஒரு கொலை செய்யறதைக்கூட கேமரா காட்டாது. போலீஸ் கதவைத் திறக்கும்போது எல்லாமே முடிஞ்சிருக்கும். டார்ச் வெளிச்சத்துல சுவர்ல ஒரு வார்த்தை, மேஜை மேல சில பொருட்கள், ஒரு உடல். நடுவுல நடந்ததை நாமதான் மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்கணும். அப்படி ஓட்டும்போது அவன் எங்கேயும் தடுமாற மாட்டான், வியர்க்காது, பயப்பட மாட்டான். அந்த கச்சிதமான கொலைகாரனை நாமதான் உருவாக்கியிருக்கோம்.

யோசிச்சா இன்னொண்ணும் தெரியும். இந்தப் படத்துல நம்ம கண்ணு முன்னாடி நடக்குற ஒரே கொலை, கடைசியில போலீஸ்காரர் மில்ஸ் செய்யறதுதான்.

அடுத்தது சாமர்செட். மார்கன் ஃப்ரீமன் பண்ணின கேரக்டர். ரிட்டயர் ஆக ஏழு நாள்தான் இருக்கு. அந்த ஊர்லயே நிதானமான மனுஷன், நிறைய படிச்சவர். ராத்திரி லைப்ரரிக்குப் போய் தாந்தேயையும் சாசரையும் புரட்டுறார், இந்தக் கொலைகாரனைப் புரிஞ்சுக்கணும்னு. இவ்வளவு பெரிய மனுஷனே இவனுக்காக இவ்வளவு படிக்கிறார்னா, இவன் எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்னு நமக்குத் தோணிடும்.

இதே சாமர்செட் மதுக்கடையில மில்ஸ்கிட்ட சொல்றதை மட்டும் எல்லாரும் மறந்துடுவோம். இவனைப் பிடிக்கும்போது நிஜமாவே சாத்தானா இருந்தாத்தான் நம்ம எதிர்பார்ப்புக்கு ஈடாகும், ஆனா இவன் சாத்தான் இல்ல, வெறும் மனுஷன்ங்கிற அர்த்தத்துல சொல்வார். படத்தோட சாவியே அங்க இருக்கு. நானும் இத்தனை தடவை பார்த்துட்டு அதைத் தாண்டித்தான் போயிருக்கேன்.

சரி, வெறும் மனுஷன்னு வச்சுக்கிட்டு இவன் செஞ்சதை ஒரு தடவை கணக்குப் பார்ப்போம்.

மாட்டினது எப்படி? லைப்ரரி கார்டு. பாவங்களைப் பத்தின புத்தகங்களை எல்லாம் தன் கார்டுலயே எடுத்திருக்கான். சாமர்செட் எஃப்பிஐ-ல தெரிஞ்சவர் ஒருத்தருக்குக் காசு கொடுத்து, அந்த மாதிரிப் புத்தகங்களை யார் யார் எடுத்தாங்கன்னு லிஸ்ட் வாங்கி, நேரா அவன் வீட்டு வாசலுக்கே போயிடுறார். விரல் ரேகை பதியக்கூடாதுன்னு விரல் தோலையே சீவுற ஆள், புத்தகத்தைக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயிருக்கான்!

அதுக்கப்புறம் ஒரு போன் வரும். போலீஸ் வீட்டுக்குள்ள நிக்கும்போது அவனே கூப்பிட்டு, இன்னைக்கு ஏற்பட்ட சின்னப் பின்னடைவால தன் அட்டவணையை மாத்திக்கிறதாச் சொல்வான். இதைக் கவனிங்க. "ஆரம்பத்துலேருந்தே எல்லாம் அவன் ப்ளான்"னு நாங்க ஹாஸ்டல்ல விடிய விடிய பேசினோமே, அது தப்பு. ப்ளான் உடைஞ்சிடுச்சு. மாட்டிக்கிட்டதுக்கு அப்புறம் அவசரமா மாத்தி எழுதின முடிவுதான் நாம பார்க்கிற கிளைமாக்ஸ்.

மில்ஸ் வீடு எப்படித் தெரிஞ்சுது? துப்பறிஞ்சு இல்ல, காசு கொடுத்து. பத்திரிகைக்காரன்னு சொன்னா ஸ்டேஷன்ல தகவல் எவ்வளவு சுலபமாக் கிடைக்குதுன்னு அவனே சொல்றான். மில்ஸ் கோபக்காரன்னு தெரிஞ்சது? மாடிப்படியில போட்டோகிராபர் வேஷத்துல நின்னப்போ மில்ஸ் கத்தினதைப் பார்த்தான். அதைப் பார்க்க மேதை தேவையில்ல. மில்ஸைப் பார்த்த எல்லாருக்கும் அஞ்சு நிமிஷத்துல அது தெரிஞ்சிடும்.

இவன் யாரைத் தேர்ந்தெடுத்தான்? உடம்பு பெருத்து வீட்டை விட்டு வெளியே வரவே கஷ்டப்படுற ஒருத்தர். போதைக்கு அடிமையான ஒருத்தனை ஒரு வருஷம் கட்டில்லயே கட்டிப் போட்டு வச்சான். பாலியல் தொழில் செய்யற ஒரு பெண். ஒரு மாடல். பணக்கார வக்கீல் ஒருத்தர். அந்த வக்கீலைத் தவிர, இவனை எதிர்க்கிற பலம் யாருக்கும் இல்ல. காமத்துக்குத் தண்டனைன்னு சொல்றான், அங்கே செத்தது அந்தப் பெண். காசு கொடுத்து வந்த ஆள் உயிரோடதான் இருக்கான், ஆயுசுக்கும் உடைஞ்சு போய். இந்த ஜான் டோ வேலைக்குப் போக வேண்டாத அளவுக்கு வசதியானவன்ங்கிறதையும் படமே சொல்லுது. நேரமும் இருக்கு, பணமும் இருக்கு, உட்கார்ந்து அடுத்தவங்க பாவத்தை எண்ணிட்டு இருக்கான்.

அந்த 2,000 நோட்டுல என்னதான் எழுதியிருக்கான்? சாமர்செட் ஒரு பக்கத்தைப் படிச்சுக் காட்டுவார். சுரங்க ரயில்ல தனிமையான ஒரு ஆள் வந்து வானிலை அது இதுன்னு பேச்சுக் கொடுத்திருக்கார். அந்தச் சாதாரணப் பேச்சைத் தாங்க முடியாம இவன் அவர் மேலயே வாந்தி எடுத்துட்டு, சிரிப்பை அடக்க முடியலன்னு எழுதி வச்சிருக்கான். அவ்வளவுதான் மேட்டர். பக்கத்து சீட்டு மனுஷனைப் பிடிக்கலங்கிறதை 250 பக்க நோட்டுல பொடி எழுத்துல எழுதுற ஆள். இன்னைக்கு இருந்தா ராத்திரி பூரா யாருக்காவது கமென்ட்ல திட்டிட்டு இருந்திருப்பான்.

இங்க ஒண்ணைச் சேர்த்துச் சொல்லணும். நம்ம த்ரில்லர்கள்ல கொலைகாரனுக்கு ஒரு பிளாஷ்பேக் இருக்கும். 1978-ல 'சிகப்பு ரோஜாக்கள்' கமலோட சின்ன வயசைக் காட்டுச்சு. 2018-ல 'ராட்சசன்' கிறிஸ்டோபரோட பள்ளிக்கூட அவமானத்தைக் காட்டுச்சு. அவன் ஏன் இப்படி ஆனான்னு ஒரு பதில் கிடைச்சிடும். 'செவன்'ல அது கிடையாது. திரைக்கதை எழுதின ஆண்ட்ரூ கெவின் வாக்கர் இவனுக்கு ஒரு பேருகூடக் கொடுக்கல. ஜான் டோன்னா அமெரிக்காவுல அடையாளம் தெரியாத ஆணுக்கு வைக்கிற பொதுப்பேரு. சொந்தம் கிடையாது, ஊர் கிடையாது, அடி வாங்கின கதை கிடையாது.

இதுல ஒரு நல்லது இருக்கு. "பாவம், அவனுக்கு என்ன நடந்துச்சோ"ன்னு நாம பரிதாபப்பட வழியில்ல. ஆனா அதுவே ஒரு ஆபத்தும். காலியா விட்ட இடத்தை ரசிகர்கள் நிரப்பிடுவோம். நாங்க அந்த இடத்துல மேதைமையை ஊத்தி நிரப்பினோம்.

அதுக்கு நாலு வருஷம் முன்னாடி 1991-ல 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' வந்துடுச்சு. ஆண்டனி ஹாப்கின்ஸ் திரையில இருக்கிறது கொஞ்ச நேரம்தான், சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். சமைக்கத் தெரிஞ்ச, இசை தெரிஞ்ச, எதிர்ல இருக்கிறவங்க மனசைப் படிக்கிற ஹானிபல் லெக்டர். தொடர் கொலைகாரன்னா புத்திசாலின்னு ஒரு அச்சு அப்பவே வார்த்தாச்சு. ஜான் டோவையும் நாம அதே அச்சுல ஊத்திப் பார்த்தோம்.

நிஜம் எப்படி இருக்கும்னு ஃபிஞ்சரே பின்னாடி காட்டினார். 2007-ல 'ஸோடியாக்' எடுத்தார், கலிபோர்னியாவுல நிஜமா நடந்த கொலைகளைப் பத்தி. அந்தக் கொலைகாரன் பத்திரிகைகளுக்கு எழுதின கடிதங்கள் எழுத்துப்பிழைக்கே பேர் போனவை. யாருன்னு நீதிமன்றத்துல நிரூபிக்கவே முடியல. அந்தப் படத்துல கொலைகாரனைவிட, அவனைத் தேடித் தேடி வேலையையும் குடும்பத்தையும் தொலைச்சவங்கதான் முக்கியம். 'செவன்' பார்த்துட்டு வில்லனைக் கொண்டாடினவங்களுக்கு அதே இயக்குநர் சொன்ன பதில் மாதிரிதான் எனக்கு அந்தப் படம் இப்போ தெரியுது.

இப்போ தங்கச்சி கேட்ட கேள்விக்கு வர்றேன். அவ பேரு ட்ரேசி.

ட்ரேசி மில்ஸ். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவ. புருஷன் பிடிவாதத்துக்காக இந்த ஊருக்கு வந்தவ. ஊரைப் பிடிக்கல, புருஷன்கிட்ட சொல்லவும் முடியல. சாமர்செட்டை ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடுறது அவதான். சாப்பிட்டுட்டு இருக்கும்போது கீழே ரயில் போகும், வீடு மொத்தமும் கிடுகிடுன்னு ஆடும். வீட்டைக் காட்டினவன் இதை மறைச்சே ஏமாத்திட்டான்னு தெரிஞ்சதும், அந்த முசுடு மனுஷன் சாமர்செட் சிரிப்பார் பாருங்க, படம் முழுக்க மழையும் இருட்டுமா இருக்கிறதுல கொஞ்சம் மூச்சு விடுற இடம் அது ஒண்ணுதான்.

அப்புறம் ஒரு காலை நேரம், ஓட்டல்ல சாமர்செட்டைத் தனியாச் சந்திக்கிறா. தெரிஞ்சவங்க வேற யாரும் அந்த ஊர்ல அவளுக்கு இல்ல. கர்ப்பமா இருக்கேன், டேவிட்டுக்கு இன்னும் சொல்லலன்னு சொல்றா. சாமர்செட் தன் வாழ்க்கையில நடந்ததைச் சொல்வார். ஒரு காலத்துல இந்த மாதிரி ஒரு உலகத்துல குழந்தை வேண்டாம்னு தன்னோட வாழ்ந்த பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாப் பேசிச் சம்மதிக்க வச்சவர் அவர். முடிவு சரின்னுதான் நினைக்கிறார், ஆனா வேற மாதிரி முடிவெடுத்திருக்கலாமேன்னு நினைக்காத நாள் இல்லங்கிறார். குழந்தை வேண்டாம்னா டேவிட்டுக்கு இது தெரியவே வேண்டாம், பெத்துக்கிட்டா அந்தக் குழந்தைக்குச் செல்லம் கொடுத்து வளர்த்துடுன்னு சொல்லிட்டு எழுந்து போறார்.

இந்த சீனை நான் ஒவ்வொரு தடவையும் ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன். "ஸ்லோ"ன்னு. சொல்ல வெட்கமா இருக்கு, ஆனா உண்மை.

இந்த சீனை விட்டுட்டா கிளைமாக்ஸே புரியாது. பாலைவனத்துல மண்டி போட்டு ஜான் டோ பேசுறான். மில்ஸோட சாதாரண வாழ்க்கை மேல தனக்குப் பொறாமைங்கிறான். காலையில அவன் வீட்டுக்குப் போய்ப் புருஷனா நடிச்சுப் பார்த்தேன், சரிவரல, அதனால தலையை எடுத்துட்டு வந்தேன்ங்கிறான். ஏழு பாவத்துல தன் பாவம் பொறாமைன்னு தானே சொல்லிக்கிறான். அதுக்கப்புறம், ட்ரேசி உயிருக்காகவும் வயித்துல இருந்த குழந்தைக்காகவும் கெஞ்சினதைச் சொல்லி, மில்ஸ் முகத்தைப் பார்த்துட்டு, ஓ, இவனுக்குத் தெரியாதான்னு ஆச்சரியப்படுறான்.

ஒரு பொண்ணு யார்கிட்ட எப்போ சொல்லலாம்னு தவிச்சுத் தவிச்சு வச்சிருந்த சேதி. அதைச் சொல்றதா வேண்டாமாங்கிறது அவ முடிவு. அவளைக் கொன்னதோட நிக்காம அந்தச் சேதியையும் இவன் வாயால சொல்லிட்டான். நாங்க அஞ்சு பேரும் "செம ட்விஸ்ட்"னு கை தட்டினது அந்த இடத்துலதான்.

இன்னொரு கணக்கும் இடிக்குது. ஏழு பாவம்னா, ட்ரேசி செஞ்ச பாவம் எது? பொறாமை அவனுது, கோபம் மில்ஸோடது. ட்ரேசி அந்தப் பட்டியல்லயே இல்ல. கார்ல வரும்போது, தான் கொன்னவங்க யாரும் அப்பாவிங்க இல்லன்னு அவ்வளவு பிரசங்கம் பண்றான். அப்போவே ஒரு அப்பாவியைக் கொன்னுட்டுத்தான் அந்தக் கார்ல உட்கார்ந்திருக்கான். அவன் தத்துவம் அவன் போட்ட சட்டத்துக்கே நிக்கல. அதே கார்ல மில்ஸ் அவனைக் கிண்டல் பண்ணுவார், நீ அதிகபட்சம் ஒரு டி-ஷர்ட்ல வர்ற ஆளுதாங்கிற மாதிரி. அந்த ஒரு விஷயத்துல மில்ஸ் சொன்னது பலிச்சுது. டி-ஷர்ட்டும் வந்துச்சு, என் டிபியும் வந்துச்சு.

படத்து மேலயும் எனக்கு ஒரு குறை உண்டு. ட்ரேசிக்கு இருக்கிறது ரொம்பக் கொஞ்ச சீன்தான். அவளைக் கொன்னு நமக்கு அதிர்ச்சி கொடுக்கிறதுக்குத்தான் கதை அவளை வச்சிருந்துச்சோன்னு தோணும். ஆனா ஒரு விஷயத்துல ஃபிஞ்சர் கண்ணியமா நடந்துக்கிட்டார். பெட்டிக்குள்ள இருக்கிறதைக் காட்டவே மாட்டார். தலையைப் பார்த்தேன்னு சத்தியம் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க, நானும் பண்ணியிருக்கேன். நிஜமாக் காட்டுறது வேற. மில்ஸ் சுடுறதுக்குச் சற்று முன்னாடி, ஒரு நொடிக்கும் குறைவா ட்ரேசி முகம் வந்து போகும். மில்ஸ் மனசுல இருக்கிற முகம். இந்தத் தடவை பாஸ் பண்ணி அதைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன்.

அப்போ கடைசியில ஜான் டோ ஜெயிச்சுட்டானா? மில்ஸ் சுட்டுட்டார், ஏழும் முடிஞ்சுது. ஸ்டுடியோ பக்கம் இந்த முடிவுக்குத் தயக்கம் இருந்துச்சு, பிராட் பிட்டும் ஃபிஞ்சரும்தான் விடாம நின்னாங்க. அவன் நினைச்சது நடந்துச்சுங்கிறதை நான் மறுக்கல. ஆனா மாடியிலேருந்து ஒரு பூந்தொட்டியைத் தள்ளிவிடுறவனும் நினைச்சதை நடத்திடுவான். உடைக்கிறது சுலபம். அதுக்குப் பேரு மேதைமைன்னா, சாமர்செட் செய்யறதுக்கு என்ன பேரு வைக்கிறது? ஏழு நாள்ல இந்த ஊரை விட்டுப் போறேன்னு ஆரம்பிச்ச மனுஷன். இவ்வளவும் பார்த்த பிறகு, எங்க இருப்பீங்கன்னு கேப்டன் கேட்கும்போது, பக்கத்துலதான் இருப்பேன்ங்கிற மாதிரி பதில் சொல்லிட்டுப் போறார். கைதட்டல் வாங்குற பதில் இல்ல அது. எங்க ஹாஸ்டல் ரூம்ல அதை யாரும் கவனிக்கக்கூட இல்ல.

தங்கச்சிக்கு மறுநாள் காலையில மெசேஜ் போட்டேன். "ட்ரேசி"ன்னு மட்டும். அவ ஒரு மணி நேரம் கழிச்சு, "யாருண்ணா அது?"ன்னு கேட்டா. அவ மறந்துட்டா. பரவாயில்ல, எனக்கு இனிமே மறக்காது.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச த்ரில்லர் ஒண்ணை எடுத்துக்குங்க. வில்லன் பேரு உடனே வந்துடும். அவன் கொன்னவங்கள்ல ஒருத்தரோட பேரு, அவங்க என்ன வேலை பார்த்தாங்க, இது ரெண்டும் ஞாபகம் இருக்கான்னு பாருங்க. இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். இல்லாட்டி அந்தப் படத்தை இன்னொரு தடவை போடுங்க. ஸ்லோவா இருக்கிற சீனை ஃபார்வர்ட் பண்ணாம பாருங்க.

அடுத்த வாரம் பார்ப்போம். வணக்கம்.